வழியனுப்ப ஆளில்லாத விருந்தினர்கள்

மன்னார் வளைகுடாத் தீவுகளிலிருந்து வசந்தத்தில் வடக்கு நோக்கிப் புறப்படும் பறவைகளும், அந்தப் புறப்பாட்டைக் குறித்துவைக்க முயன்ற பெங்களூருவும்

பெங்களூரு: மார்ச் மாதம் முடிவதற்குள் பெங்களூரு ஏரிகளில் ஒரு மாற்றம் நிகழ்ந்துவிடுகிறது. ஹெப்பாளிலும் ஜக்கூரிலும் ஹொசகோட்டையிலும் குளிர்காலம் முழுவதும் நீரில் மிதந்துகொண்டிருந்த ஊசிவால் வாத்துகளும் தட்டைவாயன்களும் நாளுக்கு நாள் குறைகின்றன. லால்பாக் தோட்டத்தின் நடைபாதையோரம் வாலை ஆட்டியபடி இரை தேடிய சாம்பல் வாலாட்டி ஒரு காலைப் பொழுதில் காணாமற்போகிறது. அவை வந்தபோது நாளேடுகளில் புகைப்படத்துடன் செய்தி வெளியானது. அவை சென்றதைப் பற்றி ஒரு வரிகூட வருவதில்லை.

இதே வாரங்களில், தெற்கே மண்டபத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கடலில் மிதக்கும் சிறு தீவுகளில் இதைவிடப் பெரியதொரு புறப்பாடு நடந்துகொண்டிருக்கிறது. திபெத்தியப் பீடபூமிக்கும் சைபீரியப் பனிவெளிக்கும் செல்லவேண்டிய கரையோரப் பறவைகள் தங்களுடைய பயணத்தின் முதல் அடியை அங்கிருந்துதான் எடுத்துவைக்கின்றன. ஐரோப்பியருக்கு வசந்தம் என்பது பறவைகள் வரும் காலம். நமக்கோ அது பறவைகள் விடைபெறும் காலம். வருகையைக் கொண்டாடத் தெரிந்த நாம் விடைபெறுதலைக் கவனிக்கத் தவறியதன் விலை என்ன என்ற கேள்வி இப்போது எழுந்துள்ளது.

21 தீவுகள், 19 தீவுகள்

மன்னார் வளைகுடாவில் ராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை சங்கிலிபோல் 21 தீவுகள் அமைந்திருந்தன. அவற்றையும் சுற்றியுள்ள ஆழமற்ற கடலையும் சேர்த்து 560 சதுர கி.மீ. பரப்பைத் தமிழக அரசு 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1989-ல் இப்பகுதி உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 2022-ல் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

இத்தீவுகளில் எதுவும் பெரியதன்று. எல்லாவற்றிலும் பெரிய முயல் தீவே ஏறத்தாழ 129 ஹெக்டேர்தான். அதன் அருகில் உள்ள மனோலித் தீவு அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். இறந்த பவளப்பாறைகளின் மீது மணல் சேர்ந்து உருவான இத்தீவுகளில் குடியிருப்புகள் இல்லை. ஓரங்களில் அலையாத்திச் செடிகள், நடுவே முட்புதர்கள், சுற்றிலும் கடற்புல் படுகைகள். அலை இறங்கும்போது வெளிப்படும் சேற்றுப் பரப்புதான் பறவைகளுக்கு இத்தீவுகள் வைத்திருக்கும் செல்வம்.

மன்னார் வளைகுடாவில் கடல் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆயினும் கரை சரிவில்லாமல் தட்டையாக இருப்பதால், நீர் சிறிது இறங்கினாலும் பரந்த சேற்றுவெளி தென்பட்டுவிடுகிறது. அதனுள் புழுக்களும் சிறு நண்டுகளும் சிப்பிகளும் நிறைந்திருக்கின்றன. உப்புக்கொத்திகள் ஓடி ஓடிக் கொத்துகின்றன. உள்ளான்கள் ஊசி நுழைப்பதுபோல் அலகைச் சேற்றில் நுழைக்கின்றன. கோட்டான்களும் மூக்கன்களும் தம் நீண்ட அலகால் ஆழத்தில் இருப்பதை எடுக்கின்றன. நீர் மீண்டும் ஏறும்போது எல்லாம் தீவின் மணல்மேட்டில் ஒன்றுகூடி ஓய்வெடுக்கின்றன. நாயும் நரியும் மனிதரும் வராத அந்த ஓய்விடம் உணவுக்கு இணையாக முக்கியமானது.

60 கிராம் உடலில் ஒரு நெடும்பயணம்

திபெத்திய மணல் உப்புக்கொத்தி என்ற பறவையின் எடை 60 கிராம் அளவே. அண்மைக்காலம் வரை இது சிறு மணல் உப்புக்கொத்தி என்ற இனத்தின் ஒரு பிரிவாகக் கருதப்பட்டது. குளிர்காலத்தில் மண் நிறத்தில் இருக்கும் இதன் மார்பில் மார்ச் மாதத்தில் செம்பழுப்பு நிறம் படர்கிறது. கண்ணை ஒட்டிக் கரும்பட்டை தோன்றுகிறது. வளைமூக்கு உள்ளானின் அடிப்பகுதி முழுவதும் செங்கல் நிறம் கொள்கிறது. இலையுதிர்காலத்தில் இங்கு வந்திறங்கும் வெளிறிய பறவையைக் கண்டு பழகியவர்கள், ஏப்ரலில் அதே பறவையை வேறோர் இனம் என்றே எண்ணக்கூடும்.

நிறமாற்றம் கண்ணுக்குத் தெரிவது. உடலுக்குள் நிகழ்வது அதைவிட வியப்பானது. புறப்பாட்டுக்கு முந்தைய சில வாரங்களில் பறவை இடைவிடாமல் உண்டு கொழுப்பைச் சேர்க்கிறது. கரையோரப் பறவைகளில் பல இனங்கள் இவ்வாறு தங்கள் எடையில் பாதியளவையும், சில இனங்கள் ஏறத்தாழ ஒரு மடங்கையும் கூட்டிக்கொள்கின்றன. சிறகடிக்கும் தசைகள் பருக்கின்றன. புறப்படும் தருவாயில், பறக்கும்போது பயன்படாத இரைப்பையும் குடலும் சில இனங்களில் சுருங்கிவிடுகின்றன. எரிபொருள் நிரம்பிய, தேவையற்ற சுமையைக் குறைத்துக்கொண்ட விமானம்போல் அந்தச் சிற்றுடல் தயாராகிறது.

எப்போது புறப்படவேண்டும் என்பதை அது எவ்வாறு அறிகிறது? வடநாடுகளில் பகல் நீளும் வேகம் பறவைகளுக்குக் கால அறிவிப்பாக அமைகிறது. மன்னார் வளைகுடாவிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரமே வேறுபாடு. உடலுக்குள் ஓராண்டுச் சுழற்சியில் இயங்கும் உயிரியல் கடிகாரம் ஒன்று பறவைகளுக்கு உண்டு என்பதை ஆய்வுகள் உறுதிசெய்துள்ளன. பகலின் சிறு மாற்றமும் அந்தக் கடிகாரமும் சேர்ந்தே புறப்பாட்டு நாளை முடிவுசெய்கின்றன. மாலை வேளையில் கூட்டம் அமைதியிழக்கிறது. சிறு குழுக்களாக எழும்பி, வட்டமிட்டு, உயர்ந்து வடக்கே மறைகிறது. பெரும்பாலும் இரவில் நடைபெறும் பயணம் என்பதால் அதைக் கண்டவர் சிலரே.

எல்லாப் பறவைகளும் போய்விடுவதில்லை. இனப்பெருக்க வயதை எட்டாத இளம் பறவைகள் பல, முதல் கோடையை இத்தீவுகளிலேயே கழிக்கின்றன. எனவே வலசைப் பறவைகள் இருக்கும் காலம் அக்டோபர் முதல் மார்ச் வரை மட்டுமே என்று எண்ணி, மற்ற மாதங்களில் தீவுகளைக் கவனியாமல் விடுவது பிழையாகும்.

ஒரு தீவிலிருந்து தொடங்கிய அறிவியல்

பறவைகளின் வலசையை முறையாக ஆராயும் அறிவியலே ஒரு சிறு தீவில் வேர்கொண்டதுதான். ஜெர்மனியின் வடக்கே கடலில் உள்ள ஹெல்கோலாந்து தீவு 2 சதுர கி.மீ.க்கும் குறைவான பரப்புடையது. 19-ம் நூற்றாண்டில் ஹைன்ரிஷ் கேட்கே என்ற ஓவியர் அங்கு அரை நூற்றாண்டு தங்கி, வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் தீவில் இறங்கும் பறவைகளைக் குறித்துவைத்தார். 1891-ல் அவரது நூல் வெளிவந்தது. 1910-ல் அங்கு பறவை ஆய்வு நிலையம் நிறுவப்பட்டது. பரந்த கடலில் இறங்க வேறிடம் இல்லாததால் சிறு தீவில் பறவைகள் செறிந்து காணப்படும். எனவே எண்ணுவதற்கும் பிடித்து வளையமிடுவதற்கும் தீவே ஏற்ற இடம் என்பதை ஹெல்கோலாந்து உலகுக்கு உணர்த்தியது.

இந்தியப் பறவையியலின் தந்தை எனப் போற்றப்படும் சாலிம் அலி, 1929-ல் பெர்லினில் பயிலச் சென்றபோது ஹெல்கோலாந்து நிலையத்திலும் பறவைகளுக்குக் காலில் வளையமிடும் முறையைக் கற்றார். அந்தப் பயிற்சியை இந்தியாவில் பெரிய அளவில் பயன்படுத்தும் வாய்ப்பு அவருக்கு முப்பது ஆண்டுகள் கழித்தே கிட்டியது. அதற்குக் காரணமாக அமைந்தது கர்நாடகத்தில் தோன்றிய ஒரு நோய்.

1957-ல் அன்றைய மைசூர் மாநிலத்தின் ஷிமோகா மாவட்டத்தில் கியாசனூர் காட்டில் குரங்குகள் கொத்துக்கொத்தாக மடிந்தன. காட்டை ஒட்டிய கிராமத்தவர் கடும் காய்ச்சலுக்கு ஆளாயினர். உண்ணிகளால் பரவும் ஒரு வைரஸே காரணம் எனப் புணேயில் இருந்த வைரஸ் ஆய்வு மைய விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். அது ரஷியாவில் வசந்தத்திலும் கோடையிலும் காணப்படும் மூளைக்காய்ச்சல் வைரஸின் உறவு என்பதும் தெரியவந்தது. சைபீரியாவிலிருந்து வரும் பறவைகளின் உடலில் ஒட்டிய உண்ணிகள் வழியாக நோய் வந்திருக்குமோ என்ற ஐயம் பிறந்தது.

அந்த ஐயத்தைத் தீர்க்க எந்தப் பறவை எங்கிருந்து வந்து எங்கே செல்கிறது என்பது தெரியவேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நிதியுதவியுடன் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959-ல் தொடங்கிய வலசை ஆய்வுத் திட்டம் அவ்வாறு உருவானதே. பறவைகள் நோயைக் கொண்டுவந்தன என்பது நிறுவப்படவில்லை. ஆனால் அதற்காகத் தொடங்கிய தேடல் இந்தியாவின் வலசைப் பாதைகளை வரைந்து தந்தது. கோடியக்கரையின் சிறப்பைச் சாலிம் அலி கண்டதும் அக்காலத்தில்தான். 1967-ல் அது சரணாலயமாயிற்று. அங்கு வளையமிடப்பட்ட பறவைகள் ஆயிரக்கணக்கான கி.மீ. தொலைவில் பிடிபட்டபோதுதான் நம் கடற்கரை எந்தெந்த நாடுகளுடன் பிணைந்துள்ளது என்பது புலனாயிற்று.

1980-களின் இரண்டாம் பாதியில் அதே கழகத்தின் ஆய்வாளர் எஸ். பாலச்சந்திரன் மண்டபத்தில் தங்கி மன்னார் வளைகுடாத் தீவுகளின் கரையோரப் பறவைகளை ஆராய்ந்தார். மனோலித் தீவும் முயல் தீவும் அவற்றின் முக்கியத் தங்குமிடங்கள் என்பது அந்த ஆய்வில் பதிவாயிற்று. வலசைப் பறவைகளில் சிறகு உதிர்ந்து முளைக்கும் காலம், வயது, உடல் அளவு ஆகியவற்றையும் அவர் தொகுத்தார். வளையமிடப் பிடித்த பறவையை நிறுத்து, அளந்து, சிறகை விரித்துப் பார்த்து விடுவிக்கும் அந்தப் பொறுமையான பணியே, புறப்பாட்டுக்கு முன் பறவை எப்படித் தயாராகிறது என்பதை நமக்குக் கற்பித்தது.

கடைசியாகக் கண்ட நாள்

வளையமிடுதல் வல்லுநர் சிலரால் மட்டுமே இயலும் பணி. பறவை வந்த நாளையும் சென்ற நாளையும் குறிப்பது யாராலும் இயலும். இந்த எண்ணத்தின் அடிப்படையில் பெங்களூருவில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையம் 2007 ஜூலையில் 'மைக்ரண்ட்வாட்ச்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. குளிர்காலத்தில் இந்தியா வரும் ஒன்பது பறவை இனங்கள் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டன. பருவத்தில் அவற்றை முதலில் கண்ட நாளையும் கடைசியாகக் கண்ட நாளையும் எழுதியனுப்புமாறு நாடெங்கும் உள்ள ஆர்வலர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். பிறகு இனங்களின் எண்ணிக்கை கூடியது. பருவநிலை மாறும்போது பறவைகளின் கால அட்டவணையும் மாறுகிறதா என்பதை அறிவதே நோக்கம்.

கேட்க எளிதாகத் தோன்றும் இப்பணியில் ஒரு சிக்கல் உண்டு. முதலில் கண்ட நாள் ஒரு நிகழ்ச்சி, கண்டவுடனே தெரிந்துவிடுகிறது. கடைசியாகக் கண்ட நாளோ அன்றைக்குத் தெரிவதில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் வெறுங்கையுடன் திரும்பிய பிறகே, 'அன்று பார்த்ததுதான் கடைசி' என்று உணர முடிகிறது. பறவை இல்லாத நாளையும் சென்று பார்த்துக் குறிப்பெடுப்பவரே அந்தத் தேதியைச் சொல்ல முடியும். வருகைத் தேதிகள் எளிதில் கிடைப்பதும் புறப்பாட்டுத் தேதிகள் அரிதாவதும் இதனால்தான்.

அரசும் தன்னார்வ அமைப்புகளும் நடத்தும் கணக்கெடுப்புகளிலும் இதே சாய்வு காணப்படுகிறது. 1987 முதல் ஆண்டுதோறும் நடைபெறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரி மாதத்தில் நிகழ்வது. பறவைகள் ஓரிடத்தில் நிலைத்திருக்கும் காலம் என்பதால் எண்ணுவதற்கு ஜனவரி பொருத்தமானதே. ஆனால் ஜனவரியில் ஒரு தீவில் நூறு பறவைகள் இருந்தன என்பது, ஏப்ரலில் அவை போதிய உணவுடன் புறப்பட்டனவா என்பதைச் சொல்லாது.

மைக்ரண்ட்வாட்ச் சேகரித்த பதிவுகள் பின்னர் 'இபேர்ட்' என்ற உலகளாவிய பறவைப் பதிவுத் தொகுப்புடன் இணைக்கப்பட்டன. இன்று நாளும் ஆயிரக்கணக்கானோர் தாம் கண்டவற்றை அதில் பதிவுசெய்கின்றனர்.

எச்சரிக்கும் கணக்கு

இந்தப் பதிவுகளைக் கொண்டே 2023-ல் 'இந்தியப் பறவைகளின் நிலை' என்ற அறிக்கை வெளியாயிற்று. தேசிய உயிரியல் அறிவியல் மையம், பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட ஏட்ரீ நிறுவனம், மைசூருவின் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் உள்ளிட்ட 13 அமைப்புகள் அதில் பங்குபெற்றன. ஏறத்தாழ 30 ஆயிரம் ஆர்வலர்களின் சுமார் 3 கோடிப் பதிவுகள் ஆராயப்பட்டன.

நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 204 இனங்கள் குறைந்துள்ளன என்கிறது அந்த அறிக்கை. ஆர்க்டிக் பகுதியில் இனப்பெருக்கம் செய்து இங்கு வரும் கரையோரப் பறவைகளின் நிலையே மிகவும் கவலைக்குரியது. அவை சராசரியாக 80 சதவீதத்தை ஒட்டிய சரிவைக் கண்டுள்ளன. மன்னார் வளைகுடாவின் சேற்றில் இரை தேடும் உள்ளான்கள் பலவும் இந்த வகையைச் சேர்ந்தவை.

இச்சரிவு எங்கே ஏற்படுகிறது என்று ஒரே இடத்தைக் காட்ட இயலாது. பனிவெளி வெப்பமடைவதால் புழு பூச்சிகள் பெருகும் காலம் முந்திவிடுகிறது. குஞ்சு பொரிக்கும் காலம் அதனுடன் பொருந்தாமல் போகிறது. வழியில் உள்ள சதுப்புகள் தூர்க்கப்படுகின்றன. ஆனால் ஒரு தங்குமிடம் அழிந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தென்கொரியா சான்று தந்திருக்கிறது. அங்குள்ள சேமாங்கும் கழிமுகத்தை மறித்து 33 கி.மீ. நீளக் கடற்சுவர் 2006-ல் கட்டி முடிக்கப்பட்டது. பெரிய நாட் என்ற உள்ளான் இனம் வடக்கே செல்லும் வழியில் பெருந்திரளாக இரை தேடிய இடம் அது. சேற்றுவெளி போனபின் அப்பறவைகள் வேறிடத்தில் பிழைத்துக்கொள்ளும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. எண்ணிக்கை வீழ்ந்தது, அந்த இனம் உலக அளவில் அழிவை எதிர்நோக்கும் பறவைகளின் பட்டியலுக்குத் தள்ளப்பட்டது. மன்னார் வளைகுடாவிலும் இந்த இனம் பதிவாகியுள்ளது.

காரணம் எளிதானது. குறைந்த எடையுடன் புறப்படும் பறவை வழியில் விழலாம். விழாமல் சென்றடைந்தாலும் முட்டையிடும் வலிமை அதற்கு இராது. பனிவெளியில் கோடை சில வாரங்களே. அந்த ஆண்டு தவறினால் ஒரு தலைமுறையே தவறிவிடுகிறது.

கரைந்துபோன இரு தீவுகள்

மன்னார் வளைகுடாவில் இன்று 21 தீவுகள் இல்லை. கீழக்கரைக்கு அருகில் இருந்த பூவரசன்பட்டியும் தூத்துக்குடிக்கு அருகில் இருந்த விலாங்குச்சல்லியும் நீரில் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல பத்தாண்டுகள் பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததே இதற்கு முதன்மைக் காரணமாகக் கூறப்படுகிறது. அலையின் வேகத்தைத் தணிக்கும் பாறைவேலி போனபின் மணல்தீவு கரைவதற்கு அதிக காலம் ஆகவில்லை. 2001-ல் பவளங்களுக்கு வனவிலங்குச் சட்டத்தின் உயர்ந்த பாதுகாப்பு கிடைத்தது. அதன்பின் வெட்டுதல் பெரிதும் நின்றது. ஆனால் உயர்ந்துவரும் கடல்மட்டம் எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்படாது.

தூத்துக்குடியை ஒட்டிய வான் தீவும் அந்த வழியில் சென்றது. 2015 வாக்கில் அது சில ஏக்கர்களாகச் சுருங்கியிருந்தது. அதைச் சுற்றிச் சென்னை ஐஐடியின் வடிவமைப்பில் செயற்கைப் பாறைகள் கடலடியில் இறக்கப்பட்டன. அலை தணிந்தது, மணல் மீண்டும் சேரத் தொடங்கியது. அடுத்து காரியச்சல்லித் தீவைக் காக்கவும் தமிழக அரசு இதே முறையை மேற்கொண்டுள்ளது. மூழ்கிய தீவை மீட்க இயலாது. மூழ்கும் தீவைத் தாங்கிப் பிடிக்க இயலும் என்பதை வான் தீவு காட்டியிருக்கிறது.

தீவைக் காப்பது என்ற பேச்சில் கரையில் வாழ்வோரை மறந்துவிடலாகாது. தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது அத்தீவுகளை நம்பி வாழ்ந்த பெண்கள் பலர் திடீரென அத்துமீறுபவர்களாகக் கருதப்பட்டனர். பாம்பன் தொடங்கி ஏர்வாடிக்கு அப்பாலும் மீனவக் கிராமப் பெண்கள் மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுத்துப் பிழைக்கின்றனர். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, முகக்கண்ணாடி அணிந்து, மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுப்பது அவர்களின் தொழில்.

வனத்துறையுடனான நீண்ட இழுபறிக்குப் பிறகு அப்பெண்கள் தாங்களே சில விதிகளை வகுத்துக்கொண்டனர். மாதத்தில் குறிப்பிட்ட நாள்களில் மட்டும் பாசி எடுப்பது, பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவிகளைத் தவிர்ப்பது, ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில் 45 நாள்கள் தொழிலை நிறுத்துவது ஆகியவை அவற்றில் சில. 2015-ல் அப்பெண்களின் தலைவியான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு, தீவுகளின் சூழலைக் காக்கும் பணிக்காக அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு வழங்கும் பரிசு கிடைத்தது. தீவை நன்கறிந்தவர்கள் அவர்கள். பறவைகள் எந்த வாரத்தில் குறைகின்றன என்பதைக் கூறவும் அவர்களால் இயலும். ஆனால் அவர்களை எவரும் முறையாகக் கேட்டதில்லை.

கடலுக்கு அப்பால்

ராமர் பாலத்தின் மறுமுனையில் இலங்கையின் மன்னார் தீவு உள்ளது. பறவைகளுக்கு இரு நாடுகள் என்ற வேறுபாடு கிடையாது. தனுஷ்கோடியில் காணும் கூட்டம் நாளை தலைமன்னாரில் இருக்கலாம்.

2021 ஏப்ரலில் மன்னார் தீவில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹியூக்லின் கடற்காகம் ஒன்றின் முதுகில் செயற்கைக்கோள் கருவியைப் பொருத்தினர். 'மேகா' எனப் பெயரிடப்பட்ட அப்பறவை வடக்கே பறந்து, ஏறத்தாழ ஒரு மாதத்தில் ரஷியாவின் ஆர்க்டிக் கரையில் உள்ள யமால் தீபகற்பத்தை அடைந்தது. கோடை முடிந்து மீண்டும் மன்னாருக்கே திரும்பியபோது அது 19,000 கி.மீ.க்கும் அதிகமாகப் பயணம் செய்திருந்தது. வளையமிட்ட பறவை எங்கோ பிடிபடும்வரை காத்திருந்த காலம் போய், ஒரு பறவையின் புறப்பாட்டை நாள்தோறும் பின்தொடர முடியும் என்ற நிலை நம் கடலோரத்துக்கும் வந்துவிட்டது.

அதே மன்னார் தீவு காற்றுக்கும் பெயர்பெற்றது. 2020 டிசம்பரில் அங்கு 100 மெகாவாட் திறனுள்ள காற்றாலைப் பண்ணை இயங்கத் தொடங்கியது. பின்னர் ஓர் இந்திய நிறுவனம் மன்னாரிலும் பூநகரியிலும் பெரிய அளவில் காற்றாலைகள் நிறுவ முன்வந்தது. பறவைகளின் வழித்தடம் மறிக்கப்படும் என்று கூறிச் சூழல் அமைப்புகள் இலங்கை உச்ச நீதிமன்றத்தை நாடின. மின்கட்டணம் குறித்த மறுபரிசீலனையைத் தொடர்ந்து 2025 பிப்ரவரியில் அந்நிறுவனம் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. கரியைக் குறைக்கக் காற்றாலை வேண்டும். புவி வெப்பமடைவதால் முதலில் பாதிக்கப்படுவோரில் ஆர்க்டிக் பறவைகளும் அடங்கும். ஆகவே இது எளிதில் தீர்ப்பு வழங்கக்கூடிய வழக்கன்று. எந்த இடத்தில் நிறுவுவது, பறவைகள் எழும்பும் வாரங்களில் எந்த நேரத்தில் சுழற்சியை நிறுத்துவது என்பதை முடிவுசெய்யப் புறப்பாட்டுத் தேதிகள் தேவை. அந்தத் தேதிகள்தான் நம்மிடம் குறைவாக உள்ளன.

செய்யவேண்டியவை

2020 பிப்ரவரியில் காந்திநகரில் வலசை உயிரினங்கள் பற்றிய ஐ.நா. மாநாட்டை இந்தியா நடத்தியது. ஆர்க்டிக் முதல் இந்தியப் பெருங்கடல் வரை 30 நாடுகளை இணைக்கும் மத்திய ஆசிய வலசைப் பாதையைக் காப்பதில் முன்னணிப் பொறுப்பையும் ஏற்றது. 2025 ஜூன் 5-ம் தேதி, உலகச் சுற்றுச்சூழல் நாளன்று, தனுஷ்கோடியில் 524.7 ஹெக்டேர் பரப்பைப் பூநாரைகளுக்கான சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. வரவேற்கத்தக்க அறிவிப்பு இது. பூநாரையின் பெயரில் அமைந்தாலும் அதன் நிழலில் உப்புக்கொத்தியும் உள்ளானும் பயன்பெறும்.

அறிவிப்புடன் பணி முடிந்துவிடுவதில்லை. ஜனவரிக் கணக்கெடுப்புடன் மார்ச் இறுதியிலும் ஏப்ரல் இறுதியிலும் இருமுறை இத்தீவுகளில் கணக்கெடுக்கவேண்டும். அதற்குப் பெரும் செலவு ஆகாது. வனத்துறைப் படகும் சில தன்னார்வலரும் போதும். பறவைகள் எடை கூட்டும் அந்த வாரங்களில் சுற்றுலாப் படகுகள் சேற்றுவெளியை நெருங்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும். ஒவ்வொரு முறை துரத்தப்படும்போதும் பறவை சேர்த்துவைத்த கொழுப்பில் சிறிதளவு வீணாகிறது. பாசி எடுக்கும் பெண்களையும் கரைவலை மீனவரையும் பதிவாளர்களாகச் சேர்த்துக்கொண்டால், வெளியூர் ஆர்வலர் வராத நாள்களிலும் குறிப்பு கிடைக்கும்.

பெங்களூருவாசிகளுக்கும் இதில் பங்குண்டு. ஏரிக்கரையில் நாளும் நடப்போர், ஊசிவால் வாத்தைக் கடைசியாகக் கண்ட நாளை எழுதிவைக்கலாம். வெறும் நீரைப் பார்த்துத் திரும்பிய மறுநாளையும் எழுதிவைக்கலாம். பத்து ஆண்டுகள் தொடர்ந்து எழுதினால் அது அறிவியல் ஆவணமாகிவிடும்.

தமிழருக்குப் பறவையின் வடதிசைப் பயணம் புதிய செய்தியன்று. வறுமையில் வாடிய சத்திமுத்தப் புலவர் நாரையை அழைத்துத் தம் மனைவிக்குத் தூதுவிட்டது, அது தென்குமரியில் நீராடி வடக்கே திரும்பும் வேளையில்தான். அப்பறவை எப்போது திரும்பும் என்பதைக் கவனித்து வைத்திருந்த மக்களிடையே பிறந்த பாட்டு அது.

இந்த ஏப்ரலிலும் மனோலித் தீவின் சேற்றுவெளியில் செந்நிறம் பூண்ட உள்ளான்கள் அவசரமாக இரை தேடும். ஒரு மாலையில் அவை எழும்பும். வரும் செப்டம்பரில் எத்தனை திரும்பின என்பதை எண்ண நாம் கரையில் நிற்போம். எத்தனை புறப்பட்டன என்பது தெரிந்திருந்தால்தான் அந்த எண்ணிக்கைக்குப் பொருள் உண்டு.